வேலியிலை காய்ஞ்ச வெள்ளைத் துணி

பிழை என்ரைதான். முதலே சொல்லிப்போடுறன், பிறகு ஆரும் பக்கத்து வீட்டுக் கலீலுர் றஹ்மான் நானாவைக் குறை சொல்லக்கூடாது. அந்தச் சனிக்கிழமை காலமை எங்கடை முன்வேலி நெடுக வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டது நான். என்ரை மனுசன் உயிரோடை அறைக்குள்ளை குறட்டை விட்டுக்கொண்டு கிடக்க, திருக்கோணமலை ஓர்ஸ் ஹில்லிலை எங்கடை ஒழுங்கை முழுக்க அவர் செத்துப்போட்டார் எண்டு நம்பினது அதாலைதான். நம்பினதும் நல்லதாப் போச்சுது. அந்த நாளுக்காகப் பத்திரகாளி அம்மனுக்கு நூறு தேங்காய் உடைச்சாலும் எனக்குக் காணாது.

மனுசன்ரை பேர் பாக்கியரத்தினம். வயசு ஐம்பத்திமூண்டு. உயரமில்லை, நிறமில்லை, கதையுமில்லை. கலியாணம் பேசேக்கை "பொடியன் வாய் திறக்கமாட்டான்" எண்டதைத்தான் நல்ல குணம் எண்டு எங்கடை ஆக்களுக்குச் சொன்னவை. இருபத்திமூண்டு வருசம் ஒரு கப்பல் ஏஜென்சியிலை லோஞ்ச் எண்ட மோட்டார்ப் படகு ஓட்டினவர். துறைமுகத்துக்குள்ளை நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுக்கு மருந்தும் மரக்கறியும் கடிதமும் கொண்டுபோறது, இறங்கிற ஆக்களை ஜெட்டிக்கு ஏத்திக்கொண்டு வாறது, இதுதான் வேலை. காத்தடிச்சாலும் மழை பெய்தாலும் கப்பல் ஏணிக்குக் கீழை லோஞ்சை ஆடாமல் பிடிப்பாராம். நான் கண்டதில்லை, மற்ற ஆக்கள் சொல்லித்தான் தெரியும். அவர் சொல்லுவாரே!

அந்த வேலைக்கு வெள்ளை யூனிஃபோம். வெள்ளைச் சேட், வெள்ளை லோங்ஸ், எட்டுச் சோடி. இஞ்சினுக்குப் பக்கத்திலை நிக்கிற மனுசருக்கு வெள்ளை உடுப்புக் குடுக்கலாம் எண்டு யோசிச்ச மகராசன் ஆரெண்டு தெரிஞ்சால் நாலு கேள்வி கேக்கோணும் எண்டு இருந்தனான். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோயிலுமில்லை குளமுமில்லை. எண்ணெய்க் கறை உரஞ்சி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, பின்வளவிலை காயப்போட்டு, அயன் பண்ணி அலுமாரியிலை தூக்கிறதுக்குள்ளை பொழுது சாஞ்சுபோம். திட்டித் திட்டித்தான் செய்தனான். ஆனா திங்கக்கிழமை காலமை அந்த உடுப்போடை மனுசன் கேற்றைத் திறந்துகொண்டு போகேக்கை எட்டிப் பார்க்காமல் விட்டதுமில்லை.

ஒழுங்கை முகப்பிலை தம்பிராசா அண்ணற்ரை பெட்டிக்கடை. அவர் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் கேப்பார்.

"பாக்கியம், இண்டைக்கு என்ன கப்பல்?"

"கோதுமை, அண்ணை." இல்லாட்டி, "சீமெந்து, அண்ணை." அவ்வளவுதான் பதில். பிறகு அந்தக் கேள்வி ஒழுங்கைக்கே பழகிப்போச்சுது. பக்கத்து வீட்டு நிஸாவும் மதிலுக்கு மேலாலை கேப்பா, பள்ளிக்கூடம் போற பிள்ளையளும் கேக்குங்கள். வீட்டிலை பத்துச் சொல்லுக்கு மேலை செலவழிக்காத மனுசன் அந்தக் கேள்விக்கு மட்டும் முகம் மலர்ந்து பதில் சொல்லுவார்.

போன கார்த்திகைக் கடைசியிலை ஒரு நாள் பின்னேரம் வந்து, சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டுக் குசினிக்குள்ளை வந்தார்.

"இஞ்சேரும், நாளையிலை இருந்து சாப்பாடு கட்டத் தேவையில்லை."

லீவு போட்டிருக்கிறார் எண்டு நான் சந்தோசப்பட்டுக்கொண்டு திரும்பினால், மேசையிலை ஒரு கடிதத்தை வைச்சார். ஏஜென்சி திருக்கோணமலைக் கந்தோரை மூடிப்போட்டுது. ஆறு பேருக்கும் வேலை இல்லை. லோஞ்சையும் வித்துப்போட்டாங்கள்.

நான்தான் அழுதனான். அவர் அழேல்லை. "ஆருக்கும் சொல்லவேண்டாம். பிள்ளைக்கும் சொல்லவேண்டாம்" எண்டு மட்டும் சொன்னார். பிள்ளை எண்டது எங்கடை மகள் நிவேதிகா, கொழும்பிலை வேலை செய்யிறாள். ஒரு மாசத்திலை சரிவரும் எண்டு நானும் ஓம் எண்டிட்டன்.

அண்டையிலை இருந்து மனுசன் கேற்றைத் தாண்டேல்லை. வெளியிலை போனால் தம்பிராசா அண்ணை அந்தக் கேள்வியைக் கேப்பார், என்ன பதில் சொல்லுறது? இதைக் கூட அவர் வாயாலை சொல்லேல்லை. ஒரு நாள் காலமை வெளிக்கிட்டு, கேற்றுக் கொண்டியிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டார். ஒழுங்கை முகப்பைப் பார்த்தார். பிறகு கொண்டியைத் திரும்பப் போட்டிட்டு உள்ளுக்கு வந்திட்டார். நான் யன்னலாலை பார்த்துக்கொண்டு நிண்டனான். அந்த நேரம் எனக்கு விளங்கிச்சுது.

அதுக்குப் பிறகு சந்தைக்கும் நான், கடைக்கும் நான், வங்கிக்கும் நான். பொய்யும் நான்தான். "லீவிலை நிக்கிறார்", "நாரிப்பிடிப்பு", "கொஞ்சம் காய்ச்சல்" எண்டு நாளுக்கொரு நோயைக் குடுத்தன். பொங்கலுக்கு முத்தத்திலை பானை வைக்காமல் குசினிக்குள்ளை காஸ் அடுப்பிலை பொங்கினன். கேட்டவைக்கு மழை எண்டு சொன்னன். அண்டைக்கு எண்டு பார்த்து எறிச்ச வெயிலைப் பார்க்கோணும்! நிஸா "ஓமக்கா, மழைதான்" எண்டிட்டுப் பொங்கலை வாங்கிக்கொண்டு போனா.

வேலை போனது எனக்குப் பெரிய பயமில்லை. நாங்கள் சண்டைக்காலத்தையும் பார்த்தனாங்கள், கடல் ஏறி வந்ததையும் பார்த்தனாங்கள். என்ரை பயமெல்லாம் இந்த மனுசன் கேற்றுக்கு இஞ்சாலையே இருந்து முடிஞ்சுபோடுவார் எண்டதுதான். கதை குறைஞ்ச மனுசன், இப்ப கதையே இல்லை. கோழிக்குத் தீன் போடக்கூட முன்பக்கம் வாறேல்லை.

ஏழாவது கிழமை, வெள்ளிக்கிழமை. தேத்தண்ணி கொண்டு அறைக்குள்ளை போறன், மனுசன் முழு யூனிஃபோமிலை கட்டில் நுனியிலை இருக்கிறார். கஞ்சி போட்ட சேட். சப்பாத்து நூல்கூடக் கட்டியிருக்குது. ரெண்டு கையும் முழங்காலிலை. ஒம்பது மணி மங்கல் வெளிச்சம் யன்னலாலை விழுது, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

பாவம் எண்டு பக்கத்திலை போய் இருந்திருக்கலாம். நல்ல மனுசி எண்டால் அதைத்தான் செய்திருப்பாள். எனக்கு ஆத்திரம் எங்கையிருந்து வந்துதோ தெரியாது, கத்தினன் பாருங்கோ, மதிலுக்கு அங்காலை நிஸா வீட்டிலை பாத்திரம் கழுவுற சத்தமே நிண்டுபோச்சுது.

"செத்த வீடு மாதிரி இருக்குது இந்த வீடு! ஒண்டில் அழுங்கோ, இல்லாட்டி வெளியிலை போங்கோ! இந்த உடுப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்தி எரியுது!"

அவர் எழும்பினார். உடுப்பைக் கழட்டி மடிச்சார். அலுமாரியிலை தொங்கின மற்ற ஏழு சோடியையும் எடுத்து அதுக்கு மேலை வைச்சார். பிறகு தையல் பெட்டிக்குள்ளை இருந்த கத்திரிக்கோலைக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்தார்.

"வெட்டும். பிடிதுணிக்காவது உதவும்."

அவர் கோபத்திலை சொல்லியிருந்தால் நான் வெட்டியிருக்கமாட்டன். ஒரு உணர்ச்சியும் இல்லாமல் சொன்னார். அந்த வீம்பிலை நானும் வெட்டினன். எட்டுச் சோடியையும் முதுகும் காலுமா ஒரே அளவுத் துண்டாக்கி, கஞ்சி போக நனைச்சு, அலசிப் பிழிஞ்சு வைச்சன். பிறகு குசினிக்குள்ளை இருந்து வாய்விட்டு அழுதனான். அதுவும் நிஸாவுக்குக் கேட்டிருக்குது.

மூண்டு நாள் மழையிலை பின்வளவு சேறாக் கிடந்துது. சனிக்கிழமை விடிய நல்ல வெயில் தெரிஞ்சுது. முன்வேலியிலைதான் முதல் வெயில் விழும். நைலோன் கயிறு ஒண்டை வேலி நெடுகக் கட்டி, துண்டு துண்டா வரிசையாக் கிளிப் போட்டன். அறிவு எங்கை போச்சுதோ தெரியாது. இந்த ஊரிலை தமிழனோ சோனகனோ சிங்களவனோ, வீட்டு வாசலிலை வெள்ளைத் துணி வரிசையாத் தொங்கினால் அது செத்த வீடு எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அண்டைக்குத் தெரியேல்லை. பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போனன். போனை மேசையிலை விட்டிட்டன்.

இனி வாறது நிஸாவும் அவரும் சொல்லித் தெரிஞ்சது.

நிஸாவின்ரை முழுப்பேர் நஜ்முன் நிஸா, கிண்ணியாக்காரி. அவவின்ரை மனுசன்தான் கலீலுர் றஹ்மான் நானா. கலியாண வீடு, செத்த வீடு எல்லாத்துக்கும் கதிரையும் தறப்பாளும் வாடகைக்குக் குடுக்கிறவர். அவர் காலமை லொறியை எடுக்கேக்கை எங்கடை வேலியைப் பார்த்திருக்கிறார். பார்த்திட்டு அப்பிடியே இறங்கி வீட்டுக்குள்ளை ஓடிப்போய், "நிஸா, பாக்கியம் அண்ணன் மௌத்தாகிட்டார் போல" எண்டிருக்கிறார்.

நிஸாவுக்கு எல்லாம் பொருந்திப்போச்சுது. மனுசனைக் கண்டு ஏழு கிழமை. நான் குடுத்த நோயெல்லாம் இருக்குதே! முதல்நாள் கத்தல், பிறகு அழுகை, விடிய வெள்ளைத் துணி, கதவு சாத்தி, நான் இல்லை. "அக்கா ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பா, மையத்தை எடுக்க" எண்டு முடிவெடுத்திட்டா. மையம் எண்டு அவையள் சொல்லுறது பிரேதத்தை. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே எண்டு நீங்கள் கேப்பியள். எங்கடை பக்கத்திலை அப்பிடிக் கேக்கிற வழக்கமில்லை. துக்க வீட்டுக்குப் போய் "ஆர் செத்தது, எப்பிடிச் செத்தது" எண்டு வாசலிலை நிண்டு விசாரிக்கிறது மரியாதை இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு செய்யவேண்டியதைச் செய்யிறதுதான் முறை.

செய்தவையே! நானா அறுபது கதிரை இறக்கினார். முத்தத்துக்கு மேலாலை தறப்பாள் இழுத்துக் கட்டினார். என்ரை துண்டுகள் காணாது எண்டு தன்ரை கொடியளையும் ஒழுங்கை முகப்பு வரைக்கும் கட்டினார். துக்க வீட்டிலை அடுப்பு எரியக்கூடாது எண்டு நிஸா தன்ரை வீட்டிலை பெரிய பானை நிறைய இடியப்பத்துக்குச் சொதி வைச்சா. ஒழுங்கைச் சனம் ஒவ்வொண்டா வந்து தலையைக் குனிஞ்சுகொண்டு கதிரையிலை இருந்துது. தம்பிராசா அண்ணை கடையைப் பூட்டிப்போட்டு வந்து முன்வரிசையிலை இருந்தாராம். அவர் கடை பூட்டினது எனக்குத் தெரிஞ்சு அண்டைக்குத்தான்.

இந்தச் சத்தத்துக்கு என்ரை மனுசன் முழிச்சார். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தால், முத்தம் நிறையக் கதிரை, வெள்ளைக் கொடி, சனம். நிஸா முந்தானையாலை கண்ணைத் துடைக்கிறா. தன்ரை வீட்டுக்கு முன்னாலை செத்த வீடு! மனுசன் வெட்டின துண்டுகளை யோசிக்கேல்லை. "மலர்" எண்டு என்னைக் கூப்பிட்டார். பதிலில்லை. குசினியிலை இல்லை, பின்வளவிலை இல்லை. ஆணியிலை சந்தைப் பை இல்லை.

அவருக்கு விளங்கினது ஒண்டுதான். நான் சந்தைக்குப் போற வழியிலை பஸ்ஸிலையோ லொறியிலையோ அடிபட்டுச் செத்துப்போனன், சனம் தனக்குச் சொல்ல ஏலாமல் வந்து இருக்குது.

கதவைத் திறந்தார். நிஸா கையிலை இருந்த தேத்தண்ணித் தட்டு விழுந்துது. "அல்லாஹ்!" எண்டு ஆரோ கத்தினது, ஒரு பொம்பிளை கதிரையோடை பின்பக்கம் சரிஞ்சது, தம்பிராசா அண்ணை எழும்பி ரெண்டு கையாலையும் கும்பிட்டது, இது ஒண்டும் அவர் காணேல்லையாம். ஆரையும் ஒண்டும் கேக்கவுமில்லை. மேலிலை சேட் இல்லை, காலிலை செருப்பில்லை, சாரத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு கேற்றைத் தள்ளித் திறந்து ஒழுங்கையாலை ஓடத் தொடங்கினார். செத்த மனுசன் ஓட, இழவுக்கு வந்த சனம் பின்னாலை ஓடிச்சுது.

நான் அப்பதான் பெட்டிக்கடையடிக்கு வாறன். கையிலை ஒரு கிலோ பாரை மீன். கடை பூட்டிக் கிடக்குது, கொடி ஆடுது, ஆர் செத்தது எண்டு யோசிக்கிறன். பார்த்தால் என்ரை மனுசன் ஓடி வாறார்.

என்னைக் கண்டதும் அப்படியே நிண்டார். பிறகு கிட்ட வந்து, தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார், கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கை அடிபட்டனீர்? எங்கை?"

"எனக்கொண்டுமில்லை. உங்களுக்கென்ன விசரே?"

அவர் என்னைக் கட்டிப்பிடிச்சார். நடு ஒழுங்கையிலை, அத்தனை சனத்துக்கு முன்னாலை. இருபத்தாறு வருசக் கலியாணத்திலை கோயில் திருவிழாவிலைகூட என்ரை கையைப் பிடிக்காத மனுசன். விம்மி விம்மி அழுதார். ஏழு கிழமை அழாமல் வைச்சிருந்ததெல்லாம் வந்துது. மீன் பை விழுந்து, அது ஒரு பக்கம் கிடக்குது. "நீர் இருக்கிறீர், அது காணும். நீர் இருக்கிறீர்" எண்டு அதையேதான் சொன்னார். அவற்ரை தோளுக்கு மேலாலை பார்க்கிறன், எங்கடை கேற் ஒழுங்கைக் கடைசியிலை ஆவெண்டு திறந்து கிடக்குது.

எல்லாருமாத் திரும்பி முத்தத்துக்கு வந்தம். கலீலுர் றஹ்மான் நானா தலையைச் சொறிஞ்சுகொண்டு வேலியைக் காட்டினார்.

"அப்ப அக்கா, இந்த வெள்ளை?"

நான் வழமைபோல ஒரு பொய்யைத் தேடினன். அதுக்குள்ளை அவர் சொன்னார். தறப்பாளுக்குக் கீழை, சாரத்தோடை நிண்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னார்.

"அது என்ரை யூனிஃபோம். வேலை போச்சுது. ஏழு கிழமையாச்சு. சொல்ல வெக்கமா இருந்துது."

தம்பிராசா அண்ணைதான் வாயைத் திறந்தவர்.

"அது எங்களுக்குத் தெரியும், பாக்கியம். லோஞ்சை வித்த நேரமே ஜெட்டியடியிலை கதை வந்திட்டுது. நீராச் சொல்லாமல் நாங்கள் எப்பிடிக் கேக்கிறது?"

நான் நிஸாவைப் பார்த்தன். அவ நிலத்தைப் பார்த்தா. பொங்கலண்டு மழை பெய்தது எனக்கு நினைவு வந்துது. ஏழு கிழமை நான் அவிட்டுவிட்ட பொய்யையெல்லாம் ஒழுங்கைச் சனம் முழுக்க ஓம் போட்டு வாங்கியிருக்குது. எந்தக் கேள்விக்குப் பயந்து இந்த மனுசன் உள்ளுக்குக் கிடந்தாரோ, அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். எனக்கு வெக்கமும் வந்துது, அதைவிட நூறு மடங்கு நன்றியும் வந்துது. நிஸாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதன்.

"அண்ணன், வேலைதானே போனது" எண்டார் நானா. "நாங்க உங்களையே பறிகுடுத்திட்டு இருந்த ஆக்கள். விடியக்காலமையிலை இருந்து நான் பட்ட பாடு! வந்த கதிரை வந்ததுதான். எல்லாரும் இருங்க, சாப்பிட்டிட்டுப் போங்க."

அவர் அப்பிடிச் சொல்ல, சனம் சிரிக்கத் தொடங்கிச்சுது. முதல் ஆரோ மெல்லச் சிரிச்சு, பிறகு அடக்க ஏலாமல் போச்சுது. என்ரை மனுசனும் கண்ணீரோடை சிரிச்சார். சாவுக்கு எண்டு வைச்ச சொதியை அறுபது கதிரையிலையும் இருந்து குடிச்சம். அப்பிடி ஒரு சொதி நான் என்ரை வாழ்க்கையிலை குடிக்கேல்லை. அந்தக் கதிரையிலை இருந்தபடியே அவர் நிவேதிகாவுக்குப் போன் எடுத்து, தானே சொன்னார். அவள் அந்தப் பக்கம் அழுதிட்டு, "அப்பா, ஞாயிறு வாறன், எனக்கும் பாரை மீன் வேணும்" எண்டாளாம்.

பத்து மணிபோலை கடல்காத்து எழும்பி, தறப்பாள் ஒரு மூலையாலை படபடவெண்டு அடிச்சுது. நானா கட்டின கயிறு இளகிப்போச்சுது. என்ரை மனுசன் சாப்பிட்ட கையைக் கழுவிப்போட்டு எழும்பிப்போய், கதிரை ஒண்டிலை ஏறி நிண்டு, அந்தக் கயிறை அவிட்டு லோஞ்ச் கட்டுற முடிச்சொண்டு போட்டார். பிறகு மற்ற மூண்டு மூலையையும் பார்த்து, அதையும் அவிட்டுக் கட்டினார். நானா கீழை நிண்டு அண்ணாந்து பார்த்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். அது அசையேல்லை.

"அண்ணன், திங்கக்கிழமை சும்மாதானே இருக்கிறீங்க?"

"சும்மாதான்" எண்டார். அந்தச் சொல்லை அவர் நோகாமல் சொன்னதை நான் கேட்டன்.

இனிச் சொல்லவேண்டியது திங்கக்கிழமைக் காலமை மட்டும்தான். அவர் ஒரு பழைய கோடு போட்ட சேட்டைப் போட்டுக்கொண்டு, நான் கட்டின சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு, வேலியிலை காய்ஞ்ச வெள்ளைத் துண்டுகளிலை நாலைஞ்சைக் கேட்டு வாங்கினார். கதிரை துடைக்கவாம். கேற்றுக் கொண்டியிலை கை வைச்சுக் கொஞ்சம் நிண்டார். திறந்தார். போனார். நானாவின்ரை லொறி தம்பிராசா அண்ணற்ரை கடையடியிலை நிண்டுது, அதுவரைக்கும் நடக்கோணும். நான் வழமைபோலை எட்டிப் பார்த்துக்கொண்டு நிண்டன்.

தம்பிராசா அண்ணை கடைக்குள்ளை இருந்து தலையை நீட்டினார். வேணாம், கேக்காதேங்கோ எண்டு எனக்குக் கத்தவேணும்போல இருந்துது. அவர் கேட்டார்.

"பாக்கியம், இண்டைக்கு என்ன கப்பல்?"

மனுசன் நிண்டார். துறைமுகப் பக்கம் ஒருக்காப் பார்த்தார். பிறகு கையிலை இருந்த வெள்ளைத் துண்டை உதறித் தோளிலை போட்டார்.

"தம்பலகாமத்திலை கலியாணம், அண்ணை. முந்நூறு கதிரை."